ஐம்பத்திரண்டு மில்லிமீட்டர்

6 ஜனவரி

என் தங்கப் பேத்திக்கு,

நல்ல சேதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு சுகம் விசாரிக்கிறேன். பாலம் கட்டும் கம்பெனியில் உன் பெரியம்மா மகனுக்குப் பதவி உயர்வு. அவன் கீழே இருபது பேர் வேலை பார்க்கிறார்களாம். வீட்டில் அவன் பேச்சைக் கேட்க நாய்கூட இல்லை, அது வேறு விஷயம். அவன் தங்கை வாலு, கண் டாக்டர் படிப்பில் மூன்றாம் வருடம் தேறிவிட்டாள். முதல் வேலையாக என் கண்ணைப் பார்த்தாள். "புரை இருக்கு பாட்டி" என்று சொல்லும்போது பரிசு விழுந்தது போல அவள் முகத்தில் அத்தனை சந்தோஷம். கடைக்குட்டி குண்டுப் பயல் நீச்சலில் கோப்பை வாங்கியிருக்கிறான். மிதப்பதற்கு அவனுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

கடைசியாக நீ. எல்லாரிலும் பெரிய படிப்பு உன்னுடையது. அதைச் சொல்லத்தான் எனக்கு வாய் குழறுகிறது. எதிர்வீட்டுத் தையல்காரி, "உங்க பேத்தி ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கிறவங்களா?" என்று கேட்டாள். "எடுக்கிறவ இல்லடி. எடுக்கிறவங்க அளவா எடுத்தாங்களான்னு கேக்கிறவ" என்றேன். அவள் புரிந்தது போலத் தலையாட்டினாள். நானும் புரிந்தது போலவே நின்றேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு ஏறும்படி நாலு வரி எழுது. போனில் வேண்டாம். என் காதுக்குப் போன் வெறும் விசில்.

நான் நடமாட்டமாக இருக்கிறேன். மாடிப்படி வேண்டாம் என்கிறது முழங்கால், நானும் அதோடு வம்புக்குப் போவதில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? உனக்கு நாற்பது நடக்கிறது என்று நேற்று விரல் விட்டு எண்ணினேன். எண்ணிய விரலை மடக்கிக்கொண்டேன்.

பதிலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
பாட்டி


25 ஜனவரி

அன்புள்ள பாட்டிக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நலம். இந்த ஆஸ்பத்திரிக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. அறை சின்னது. ஜன்னலைத் திறந்தால் சுவர்.

என் வேலை இதுதான். மார்பகத்தை எக்ஸ்ரே எடுக்கும்போது இரண்டு தட்டுகளுக்கு நடுவில் வைத்து அழுத்துவார்கள். கதிரில் ஒரு பங்கு உடம்பிலேயே தங்கிவிடும். அதற்குப் பெயர் டோஸ். குறைந்தால் படம் தெரியாது, கூடினால் உடம்புக்கு ஆகாது. எந்தப் பெண்ணுக்கும் தேவைக்கு மேல் போகவில்லை என்று அளந்து கையெழுத்துப் போட வேண்டும். சோதிப்பதற்கு உடம்புக்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் கட்டி இருக்கிறது. நாற்பத்தைந்து மில்லிமீட்டர் தடிமன், மனுஷி மார்பு போலவே கதிரைக் குடிக்கும். அம்மாவுக்கு இடது மார்பில் வந்து, நாற்பது வயதில் போனாள். அதனால்தான் இந்த வேலைக்கு வந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். வருகிற ஒவ்வொருவருக்கும் மிஷின் ஒரு வரி எழுதிக்கொள்ளும். மணி, எந்தப் பக்கம், அழுந்திய தடிமன், டோஸ், அவ்வளவுதான். பெயர் இருக்காது. பெயரைப் பதிவேட்டில் பெரியக்கா எழுதுவார். இருபத்தெட்டு வருடமாக இங்கே படம் எடுப்பவர், எல்லாருக்கும் அவர் பெரியக்காதான். நேற்று பதிவேட்டில் பதினான்கு பெயர். மிஷினில் பதினைந்து வரி. அதற்கு முந்தின நாளும் ஒன்று அதிகம். பெரியக்காவிடம் காட்டினேன். "எப்பவோ வந்த யாரோ வீட்டுக்குப் போகாம இங்கேயே இருக்காங்க போல" என்றார். சிரிக்காமல் சொன்னார்.

உங்கள் முழங்காலைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்
உங்கள் பேத்தி


3 பிப்ரவரி

கண்ணு,

கடிதத்தை இரண்டு தரம் எனக்குப் படித்துக்கொண்டேன், மூன்றாம் தரம் தையல்காரிக்குப் படித்தேன். அன்றிலிருந்து யாருக்கு அளவெடுத்தாலும், "டோஸ் பாத்துத்தான் எடுக்கிறேன்" என்கிறாள். உன் புகழ் இந்தத் தெருவில் ஜாக்கெட் வரைக்கும் வந்துவிட்டது.

அந்த அதிகப்படி வரிக்கு இத்தனை யோசனை எதற்கு? அந்தக் கட்டியை வைத்து யாராவது காலையில் ஒரு தரம் எடுத்துப் பார்த்திருப்பார்கள். பெயர் இல்லாத ஜென்மம், பதிவேட்டில் என்னவென்று எழுதுவார்கள்? உன் பெரியக்கா உன்னைப் புது ஆள் என்று பயமுறுத்துகிறாள். நாங்களும் வேலைக்குப் போன இடத்தில் புதிதாய் வருகிறவளை அப்படித்தான் செய்வோம்.

இருமல் மருந்து பார்சல் அனுப்பியிருக்கிறேன். உனக்கு இருமல் இல்லை என்று எனக்கும் தெரியும். இருக்கட்டும்.

பாட்டி


22 பிப்ரவரி

அன்புள்ள பாட்டிக்கு,

நலம். பார்சல் வந்தது.

அது கட்டி இல்லை பாட்டி. கட்டி நாற்பத்தைந்து மில்லிமீட்டர். இந்த வரியில் ஐம்பத்திரண்டு என்று இருக்கிறது. தினமும் ஐம்பத்திரண்டு. சதை அப்படி இருக்காது. ஒரே பெண்ணை மறுநாள் எடுத்தால்கூட ஒரு மில்லிமீட்டராவது ஏறும் அல்லது இறங்கும். இவளுக்கு மட்டும் அசைவே இல்லை. எல்லாருக்கும் இரண்டு பக்கமும் எடுப்பார்கள், இவளுக்கு இடது மட்டும். மணி ஏழு நாற்பது. நாங்கள் கதவு திறப்பதே எட்டரைக்கு.

படத்தைத் தேடினேன், இல்லை. வரி மட்டும் மிச்சம்.

படம் எடுப்பதற்கு ஒரு பெடல் உண்டு. அதைக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்றுதான் மிதிக்க வேண்டும். அது தினமும் தடுப்புக்கு வெளியே, மிஷின் காலடியில் கிடக்கிறது, வயர் முழுதும் நீண்டு. அறையில் எப்போதும் குளிர் அதிகம். சுவர் குளிர்கிறது, கைப்பிடி குளிர்கிறது, கீழ்த் தட்டு மட்டும் குளிர்வதில்லை. உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். இப்போதுதான் யாரோ விலகினது போல இருந்தது.

எனக்குப் பயமில்லை. ஆனால் அந்தப் பெண்ணை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

அம்மாவின் பழைய எக்ஸ்ரே இன்னும் உங்கள் பீரோவில்தானே இருக்கிறது? நவம்பரில் வந்தபோது பார்த்தேன். வெளியே எடுக்க வேண்டாம். இருக்கிறதா என்று மட்டும் சொல்லுங்கள்.

பேத்தி


1 மார்ச்

கண்ணு,

இருக்கிறது. பீரோவின் மேல்தட்டில், என் கல்யாணப் புடவைக்கு அடியில்.

நான் குழந்தைகள் பள்ளியில் ஆயாவாக இருபத்திரண்டு வருடம் இருந்தேன் அல்லவா, அப்போது நடந்த ஒன்றை உனக்குச் சொன்னதில்லை. பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போய்த் திரும்பும்போது வேனில் ஏற்றி எண்ணினேன். முப்பத்தொன்று. கொண்டுபோனது முப்பது. திரும்ப எண்ணினேன், முப்பத்தொன்று. டீச்சர் வெலவெலத்துப்போனாள். யார் வீட்டுப் பிள்ளையோ தவறி ஏறிவிட்டது என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தோம். எல்லாம் நம் பிள்ளைகள். எந்தப் பிள்ளையையும் இறங்கு என்று சொல்ல முடியவில்லை. எண்ணினாலோ ஒன்று கூடுகிறது. கடைசியில் டிரைவர் சொன்னார்: "ஆயாம்மா, பின்கண்ணாடியில தெரியுற உங்க தலையையும் சேத்து எண்ணுறீங்க."

அன்றைக்கு ஒன்று தெரிந்துகொண்டேன். எண்ணிக்கை குறைந்தால் பிள்ளையைத் தேட வேண்டும். கூடினால், எண்ணுகிறவளைப் பார்க்க வேண்டும்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நாற்காலியை விட்டு ஒருத்தி எழுந்துபோனால் அதில் சூடு எத்தனை நேரம் நிற்கும்? கால் மணி நேரம் நின்றால் அதிகம். கதவு திறப்பது எட்டரைக்கு என்கிறாய், அந்தப் பெண் வந்துபோவது ஏழு நாற்பதுக்கு என்கிறாய். தட்டின் சூடு ஆறுவதற்குள் தொட்டுப் பார்க்க, நீ காலையில் எத்தனை மணிக்கு அங்கே போகிறாய்?

சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

பாட்டி


14 ஏப்ரல்

அன்புள்ள பாட்டிக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. வேலை.

வாலுவின் கல்லூரி விழா எப்படி நடந்தது? குண்டுப் பயல் இந்த முறையும் கோப்பை வாங்கினானா? இங்கே மழை இல்லை. நான் நலமாகத்தான் இருக்கிறேன்.

அவள் ஒரு நாளும் தவறுவதில்லை. ஒரு படத்தின் டோஸ் மிகச் சிறியது, ஒரு தரத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் இவளுக்கு ஐம்பது தரத்தைத் தாண்டிவிட்டது. இதை அறிக்கையில் எழுத வேண்டும். பெயர் இல்லாமல் எப்படி எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

பேத்தி


21 ஏப்ரல்

கண்ணு,

நான் கேட்டதற்கு நீ பதில் சொல்லவில்லை. கேள்வியைச் சுற்றிக்கொண்டு போய், குண்டுப் பயலின் கோப்பையை எடுத்துக் காட்டுகிறாய்.

வெளியே எடுக்காதே என்றாய். எடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அதில் இருக்கும் வெள்ளையும் சாம்பலும் எனக்குப் புரியாது. ஆனால் ஓரத்தில் பொடி எழுத்தில் எண் அச்சாகியிருக்கிறது. ஐந்தாம் வகுப்பு எண்ணுக்குப் போதும். 52 என்று இருக்கிறது. பக்கத்திலேயே மில்லிமீட்டர். இடது பக்கம்.

நான் இதுவரை யாருக்கும் சொல்லாத ஒன்றை இப்போது எழுதுகிறேன். உன் அம்மா டாக்டரிடம் போனபோதுதான் நோய் தெரியவந்தது என்று உங்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். அது பொய். நாலு மாதம் முன்பே அவள் என்னிடம் காட்டினாள். கதவைச் சாத்திவிட்டு, என் கையை எடுத்து வைத்து, "இங்க பாரும்மா" என்றாள். பட்டாணி அளவு இருந்தது. நான் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். நாலு மாதம் கொடுத்தேன். வெளியே சொன்னால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று பயந்தேன். என் விரலுக்குத் தெரிந்ததை நான் வாயால் சொல்லவில்லை. பேரப்பிள்ளைகளின் பெருமையை ஊர் முழுக்கச் சொல்கிற வாய்தான் இது.

அவள் படத்தில் இருந்த எண்ணை நீ எந்த உடம்பின் மேல் வைத்துப் பார்க்கிறாய்? எனக்கு எழுத வேண்டாம். பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்.

பாட்டி


6 மே

மரியாதைக்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். என்னைத் தெரியாது. உங்கள் பேத்தி வேலை செய்யும் இடத்தில் படம் எடுப்பவள். நீங்கள் எழுதிய கடிதம் ஒன்று இரண்டு வாரமாக அவர் மேசையில் பிரிக்காமல் கிடக்கிறது. உறையின் பின்னால் இருந்த விலாசத்தைப் பார்த்து எழுதுகிறேன். தாங்கள் உடல்நலத்தோடு இருக்கிறீர்கள் என நம்புகிறேன். பதறாமல் படியுங்கள். அவர் உயிருக்கு ஒன்றும் இல்லை.

நேற்று நான் சீக்கிரம் வந்துவிட்டேன். எக்ஸ்ரே அறையின் கதவில் கை அகலத்துக்குக் கண்ணாடி உண்டு. உள்ளே உங்கள் பேத்தி நின்றிருந்தார். இடது பக்கத்தைத் தட்டில் வைத்திருந்தார். மேல்தட்டைக் கொஞ்சம் இறக்குகிறார், எண்ணைப் பார்க்கிறார். மறுபடி ஒரு மயிரிழை இறக்குகிறார், பார்க்கிறார். ஐம்பத்திரண்டு வந்ததும் நிறுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு காலால் பெடலை மிதித்தார். இத்தனை வருடத்தில் எத்தனையோ பெண்களை அந்த இடத்தில் பார்த்திருக்கிறேன். எல்லாருக்கும் முகம் சுளிக்கும். இவர் முகம், வாசலில் யாருக்கோ காத்திருக்கிறவர் முகம் மாதிரி இருந்தது.

நான் கதவைத் திறந்தேன். அவர் திடுக்கிடவில்லை. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, எப்போதும் போல மெதுவாகக் கேட்டார்: "பெரியக்கா, இவங்க பேரைக் கேட்டு எழுதிக்கிட்டீங்களா?"

அறையில் நாங்கள் இரண்டு பேர்தான் அம்மா.

நான் பயந்து வெளியே வந்துவிட்டேன். பிறகு ஒன்பது மணிக்குத் தன் மேசையில் உட்கார்ந்து அந்த வரியைக் கண்டுபிடித்து, என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "இன்னைக்கும் வந்திருக்காங்க" என்றார். நடிப்பு இல்லை. மேலே சொன்னால் அவர் வேலை போய்விடும் என்று யோசித்து இன்று வரை சொல்லவில்லை. சொல்லாவிட்டால் நாளைக் காலையும் ஏழு நாற்பது வரும். என்ன செய்யட்டும்?

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
பெரியக்கா என்று அழைக்கப்படுபவள்


9 மே

மகளே,

உனக்கு என் பிள்ளைகள் வயதுதான் இருக்கும், அதனால் இப்படிக் கூப்பிடுகிறேன். இந்தக் கடிதத்தைத் தையல்காரி மகனிடம் கொடுத்து விரைவுத் தபாலில் சேர்க்கிறேன்.

அவளைத் திட்டாதே, மந்திரிக்காதே, அறையைப் பூட்டி ஒளிக்காதே. ஒன்று செய். அந்தப் பதிவேட்டை எடுத்துப் போய் அவள் முன்னால் வை. அவள் கேட்டாள் அல்லவா பெயர் எழுதினாயா என்று? அவள் பார்க்க எழுது. முழுப் பெயர், வயது நாற்பது, அம்மாவுக்கு இருந்த நோய், எல்லாம் எழுது. பிறகு மற்றப் பெண்களோடு அவளை வரிசையில் உட்கார வை. முறை வரும்போது பெயர் சொல்லிக் கூப்பிடு. நீ எடு. பெடலை நீ மிதி. படத்தை டாக்டர் பார்க்கட்டும்.

வேலை போனால் போகட்டும். பாட்டி வீட்டில் அவள் தூங்க இடம் இருக்கிறது. மேலிடத்தில் சொல்ல வேண்டியதையும் சொல். நான் ஒரு தரம் சொல்லாமல் இருந்து பார்த்துவிட்டேன்.

பிரிக்காத கடிதத்தை அவளே பிரிக்கட்டும்.

உன்னை நம்பியிருக்கும் கிழவி


11 ஜூன்

அன்புள்ள பாட்டிக்கு,

கடிதத்தைப் பிரித்தேன். நாலு மாதம் ஒத்தடம் கொடுத்ததாக எழுதியிருந்தீர்கள். எனக்கு அப்போதே தெரியும் பாட்டி. எனக்கு இருபது வயது, சமையலறையில் வெந்நீர் வைத்துக் கொடுத்தது நான்தான். எதற்கு என்று கேட்கவில்லை. நீங்கள் இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டீர்கள், நான் வெளியில் நின்றேன்.

பெரியக்கா என் பெயரை எழுதினார். எழுதும்போது பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதிப் பெயரில்தான் பெடலை மிதித்த கால் என்னுடையது என்று எனக்குத் தெரிந்தது. உங்களுக்கு எழுதிய கடிதங்களில் 'அவள்' என்று எழுதினேன் அல்லவா, பொய் சொல்ல எழுதவில்லை. காலையில் போகிறவள் ஒருத்தி, ஒன்பது மணிக்கு வரியைக் கண்டு பயப்படுகிறவள் ஒருத்தி. இரண்டு பேருக்கும் பழக்கமில்லை.

வரிசையில் பன்னிரண்டாவதாக உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா, "முதல் தடவையாம்மா? ஒண்ணும் பண்ணாது" என்று கையைத் தட்டிக்கொடுத்தார். எழுபத்தொரு தடவை என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

அன்றைக்குப் பெரியக்கா அழுத்தியபோது எண் நாற்பத்தெட்டு. ஐம்பத்திரண்டு இல்லை. அது என் அளவே இல்லை பாட்டி.

இடது பக்கத்தில் ஒன்றுமில்லை. அத்தனை நாள் அங்கேயே நின்று காவல் காத்தேன், அங்கே ஒன்றுமே இல்லை. வலது பக்கத்தை நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அம்மாவுக்கு இடது என்பதால் எனக்கும் அங்கேதான் வரும் என்று இருந்துவிட்டேன். இரண்டு பக்கமும் எடுக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் விதி எழுதுகிறவள் நான். டாக்டர் வலது படத்தில் உப்புத்தூள் போல நாலைந்து புள்ளிகளைக் காட்டினார். ஊசி போட்டு எடுத்துச் சோதித்தார்கள். அதுதான். ஆனால் முளையிலேயே இருக்கிறது, எங்கும் பரவவில்லை, கையில் தட்டுப்பட இன்னும் வருடங்கள் ஆகியிருக்கும் என்கிறார். 24ஆம் தேதி ஆபரேஷன். நான் எடுத்துக்கொண்ட டோஸால் வந்ததா என்று கேட்டேன். அந்தக் கதிர் வலப்பக்கம் போகவே இல்லை, இது அதற்கு முன்பே அங்கே இருந்தது என்றார்.

அறிக்கையை முடித்துக் கொடுத்துவிட்டேன். எழுபத்தொரு வரிகளையும் கூட்டி, எதிரில் என் பெயரை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். விசாரணை முடியும்வரை அந்த அறைச் சாவி எனக்குக் கிடையாது. வேலையை எடுக்கவில்லை. பெரியக்கா எனக்காகப் பேசியிருக்கிறார்.

பதிவேட்டில் பதினாறு, மிஷினில் பதினாறு என்று சரியாக வந்த முதல் நாள், எனக்குத் துக்கமாக இருந்தது. தினமும் வருகிற ஒருத்தி வராமல் போனது போல.

உங்கள் பேத்தி


18 ஜூன்

என் கண்ணே,

வெந்நீர் வைத்தது யார் என்று இருபது வருடம் நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. எப்படித் தானாகச் சுடும் என்று நினைத்தேனோ. உன்னை வெளியே நிற்க வைத்துக் கதவைச் சாத்தியதற்கு இந்தக் கிழவியை மன்னித்துவிடு.

தெருவில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். பேத்திக்கு மார்பில் ஆபரேஷன் என்று, மார்பு என்ற சொல்லை விழுங்காமல், முழுச் சத்தமாகச் சொன்னேன். பால்காரர் தலையைக் குனிந்துகொண்டார். தையல்காரி குனியவில்லை. அன்று மத்தியானம் வந்து, கதவைச் சாத்தாமலே, தனக்கும் ஆறு மாதமாக ஒன்று இருக்கிறது என்றாள். மறுநாளே வாலுவோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அவளுடையது வெறும் நீர்க்கட்டியாம். "டோஸ் அளவாத்தான் குடுத்தாங்க, நான் கேட்டுட்டேன்" என்று என்னிடம் கணக்கு ஒப்பிக்கிறாள்.

உன் பெரியம்மா மகன் 23ஆம் தேதியே அங்கே வந்துவிடுவான். பாலம் ஒரு வாரம் தானாக நிற்கட்டும். என் முழங்காலைத் தூக்கிக்கொண்டு நானும் வருவதாக இருந்தேன், வாலு தடுத்துவிட்டாள். நீ மயக்கம் தெளிந்ததும் முதலில் வலது பக்கம் தொட்டுப் பார்க்காதே. தண்ணீர் கேள்.

இங்கே சுவரில் உன் அம்மாவின் படமும் உன் படமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. உன்னுடையது வேலையில் சேர்ந்த புதிதில் எடுத்தது. கண்ணில் புரை ஏற ஏற, எது யார் என்று சில நேரம் தெரிவதில்லை. நேற்று உன் படத்தைப் பார்த்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன். யாரும் கேட்கவில்லை, ஆனாலும் உடனே உன் பெயரைச் சொல்லித் திரும்பக் கூப்பிட்டேன்.

ஆகஸ்டில் உனக்கு நாற்பத்தொன்று பிறக்கிறது. உன் அம்மா அந்த வயதைப் பார்த்ததில்லை. அந்த வயதில் அவள் முகம் எப்படி ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. உன்னுடையது எப்படி ஆகும் என்றாவது பார்க்க வேண்டும். தையல் பிரித்து, நாலு சாப்பாடு சாப்பிட்டு, உடம்பு தேறியதும், வெளிச்சமான இடத்தில் நின்று புதிதாக ஒரு போட்டோ எடுத்துக்கொள். நரை இருந்தால் இருக்கட்டும், மறைக்காதே. பின்னால் உன் பெயரையும் தேதியையும் எழுதித் தபாலில் போடு.

பாட்டி